ராஜி மனுவின் ஏழாவது பத்தி

சென்ற மாதம் இளம் வக்கீல்களாகிய உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு வழக்குக் கட்டு. பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் சமரசமாகிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ராஜி மனு கொடுத்திருக்கிறார்கள். கோர்ட்டும் அதை ஏற்று உத்தரவு போட்டுவிட்டது. இப்போது மனைவி அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்கிறார். "என்ன காரணம் சொன்னா நிக்கும் சார்?" என்று கேட்டார். ஏமாற்று, மறைப்பு, புரியாமல் போட்ட கையெழுத்து என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதே மாதிரி ஒரு வழக்கில் நான் வக்கீலாக இருந்தேன். பிறகு சாட்சியாகவும் இருந்தேன். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜெயித்த கதைகளை உங்களுக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். இது அந்த வகை இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். செகந்திராபாத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். கீழே நாள் முழுக்கத் தட்டுகிற சத்தம், மேலே நான். எனக்கு வயது முப்பத்து மூன்று. தமிழ் பேசும் வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காகவே ஆட்கள் வருவார்கள். ரயில்வேக்காரர்கள், தொழிற்சாலைக்காரர்கள், பட்டாளத்து ஆபீஸ்களில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். இந்த ஊரில் முப்பது வருஷம் இருந்து தெலுங்கில் சண்டை போடவும் உருதுவில் பேரம் பேசவும் கற்றவர்கள்கூட, கோர்ட்டுக் காகிதம் என்று வந்துவிட்டால் தமிழில் கேட்க வேண்டும் என்பார்கள்.

பரமசிவம் அப்படி வந்தவர். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேன். சட்டை கசங்காத மனிதர், பேச்சும் அப்படித்தான். மனைவி சண்முகத்தாயைப் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோமதி என்று ஒரே மகள், அம்மாவோடு இருந்தாள். மல்காஜ்கிரியில் ஒரு சின்ன வீடு, இருவர் பெயரிலும். அதை வாங்கும்போது சண்முகத்தாயின் அப்பா தென்காசிப் பக்கம் இருந்த தன் வயலை விற்றுக் கொடுத்திருந்தார். சண்முகத்தாய் அந்த வீட்டின் தெருப்பக்க அறையில் தையல் மிஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்மும் ரவிக்கையும் தைத்துக்கொண்டிருந்தார். பரமசிவம் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த அம்மாள், வீட்டில் பாதி தன்னுடையது என்று வழக்குப் போட்டார். இரண்டையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது.

பரமசிவம் ஒரு யோசனையோடு வந்தார். வீடு முழுவதும் தனக்கு. அதற்குப் பதிலாக, போலாரம் தாண்டி ஊழியர் வீட்டு மனைச் சங்கத்தில் தனக்கு ஒதுக்கியிருந்த மனையைச் சண்முகத்தாய்க்கு எழுதிக் கொடுத்துவிடுவார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மனை வீட்டைவிடப் பெரியது.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சங்கத்திலிருந்து அவருக்கு வந்தது. அந்த இடம் சர்க்கார் நிலம் என்று ஆட்சேபம் வந்திருக்கிறது, ஒதுக்கீடுகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன, அநேகமாக ரத்தாகும் என்று அதில் இருந்தது.

"இது அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிய வேண்டிய அவசியம் என்ன சார்? என்கிட்ட இருக்கிற உரிமையைக் குடுக்கிறேன். அது நிக்குதா இல்லையாங்கிறது அவ அதிர்ஷ்டம். நீங்க அதுக்கு ஏத்தாப்ல ஒரு வாசகம் போட்டுடுங்க."

அந்த இடத்திலேயே கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஏழாவது பத்தியை எழுதினேன். மனையில் முதல் தரப்பினருக்கு இன்றைய தேதியில் என்ன உரிமை உண்டோ அது மட்டுமே மாற்றித் தரப்படுகிறது. அந்த உரிமையில் உள்ள குறைகள், ஆட்சேபங்கள் அனைத்தையும் இரண்டாம் தரப்பினர் அறிவார். பின்னால் ஏதும் நேர்ந்தால் அதற்காக வீட்டின் மீது எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டார். இங்கிலீஷில் ஒரே வாக்கியம், எங்கேயும் இடறாமல் ஓடும். டைப் அடித்து வந்த பிறகு அதை இரண்டு முறை எனக்கு நானே வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

கையெழுத்துப் போடுகிற நாள். கோர்ட் வராந்தாவில் சண்முகத்தாயை முதன்முதலாக நேரில் பார்த்தேன். கட்டம்போட்ட நூல் புடவை, விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். அவருக்கென்று ஒரு வக்கீல் இருந்தார், தெலுங்குக்காரர், ஒரே காலையில் நான்கு கோர்ட்டுக்கு ஓடுகிறவர். மனுவை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "மீரே செப்பண்டி சார், மீக்கு தமிழ் வச்சு கதா" என்று என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கோர்ட்டுக்குள் போய்விட்டார். நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே என்று.

எதிர்க்கட்சியின் வக்கீல் நான். அந்த வேலையை நான் ஏற்றிருக்கவே கூடாது. ஏற்றேன்.

முதல் ஆறு பத்திகளையும் நிதானமாகத் தமிழில் சொன்னேன். ஏழாவது வந்தது. "போலாரம் பக்கத்து மனை உங்க பேருக்கு வந்துடும்" என்றேன். அவ்வளவுதான். எட்டுக்குப் போய்விட்டேன்.

அவர் காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். பிறகு கேட்டார்.

"தம்பிக்கு எந்தூரு?"

"அம்பாசமுத்திரம்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பேச்சைக் கேட்டதுமே நெனச்சேன். எங்க ஆளுவ யாரும் இங்க இல்ல தம்பி. எங்க அப்பாவும் போயிட்டாவ. நீங்க சொல்லுங்க, கையெழுத்துப் போடலாமா?"

அவர் எதிர்க்கட்சி வக்கீலைக் கேட்கவில்லை. ஊர்க்காரனைக் கேட்டார். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

"போடுங்கக்கா."

தமிழில் சண்முகத்தாய் என்று, ஒவ்வோர் எழுத்தையும் தனியாக நிறுத்தி எழுதினார். கீழே, மனு முழுவதும் அவருக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார் என்று இங்கிலீஷில் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஜட்ஜ் அந்த அம்மாளைப் பார்த்து, "அன்னி அர்த்தமய்யிந்தா அம்மா?" என்று கேட்டார். எல்லாம் புரிந்ததா என்பது அவருக்கு விளங்கியது. பதில் சொல்லுமுன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "அய்யிந்தி" என்றார்.

ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, போவன்பள்ளியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறைக்கு மகளோடு குடிபோனார். மனையில் ஒரு கூரையாவது போடலாம் என்று கோமதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போலாரம் போயிருக்கிறார். அங்கே சர்க்கார் கல் நட்டு முள்கம்பி கட்டியிருந்தது. காவல்காரன் உள்ளே விடவில்லை. சங்கத்தில் போய்க் கேட்டபோது, ஒதுக்கீடு ரத்தாகிவிட்டது, உங்கள் வீட்டுக்காரருக்கு முன்னாலேயே எழுதியிருந்தோமே என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோமதிக்கு அப்போது பதினைந்து வயது. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளைப் போலத்தான், தமிழ் கேட்டால் புரியும், பதில் தெலுங்கிலோ இந்தியிலோ வரும், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் படிப்பாள். அவள்தான் கோர்ட் நகலை வாங்கி வந்து அம்மாவுக்குப் படித்துச் சொன்னவள். ஏழாவது பத்தியில் நின்றிருக்கிறாள்.

சண்முகத்தாய் புது வக்கீலை அமர்த்தினார். பழைய நகரத்து மனிதர், வயதானவர், தொப்பியும் பழுப்பேறிய கறுப்புக் கோட்டும். ராஜி ஏமாற்றி வாங்கப்பட்டது என்றால் புது வழக்குப் போட முடியாது, உத்தரவு போட்ட அதே கோர்ட்டில்தான் கேட்க வேண்டும் என்று சில வருஷம் முன்புதான் சட்டம் மாறியிருந்தது. அவர் அங்கேயே மனுப் போட்டார். சங்கத்தின் ஆபீஸ் நகலை வரவழைத்து, பரமசிவத்துக்கு அந்தக் கடிதம் ராஜிக்கு முன்பே வந்துவிட்டது என்று காட்டினார்.

பரமசிவத்துக்கு மிஞ்சியது ஒரே பதில்தான். அவளுக்கு எல்லாம் தெரியும், ஏழாவது பத்தியில் எழுதியிருக்கிறது, தமிழில் விளக்கிச் சொல்லப்பட்டது. விளக்கியவன் நான். வழக்கு முழுவதும் என் வாயில் வந்து நின்றது.

சாட்சி சொல்கிறவன் அதே வழக்கில் வாதாடக் கூடாது. வக்காலத்தை நண்பர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். மனசாட்சிக்காக என்று நினைத்துவிடாதீர்கள். என் சாட்சியம் எடுபட வேண்டும் என்பதற்காக.

கூண்டில் ஏறினேன். பத்து வருஷம் கீழே நின்று அதைப் பார்த்தவனுக்கு, மேலே ஏறியதும் மரச்சட்டம் இடுப்புக்கு மேல் வருவது புதிதாக இருந்தது. முதல் விசாரணையில் என் நண்பர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். பிறகு அந்தப் பெரியவர் எழுந்தார். சத்தமே போடவில்லை.

"வக்கீல் சாப், ஏழாவது பத்தியை அந்த அம்மாளுக்குத் தமிழில் சொன்னீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சொன்னேன்."

"முழுவதும்?"

"முழுவதும்."

"அன்று எப்படிச் சொன்னீர்களோ அப்படியே இப்போது தமிழில் சொல்லுங்கள்."

என் நண்பர் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் சொல்லட்டும் என்றார். நான் சொன்னேன். உரிமை, குறை, ஆட்சேபம், பின்னால் வீட்டின் மேல் பேச்சில்லை, ஒன்றையும் விடாமல், அம்பாசமுத்திரத்துத் தமிழில், ஒரு குழந்தைக்கும் விளங்குகிற மாதிரி. அவ்வளவு சுலபமாக வந்தது. வராந்தாவில் அரை நிமிஷம் பிடித்திருக்கும். அந்த அரை நிமிஷத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் எழுந்து நின்றுவிட்டார்.

"இத இப்பத்தானே தம்பி கேக்கேன்! அன்னைக்கு நீங்க இதைச் சொல்லவே இல்லையே!"

கோர்ட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாது. பெஞ்ச் கிளார்க்குக்குத் தெரியாது. அந்தப் பெரியவருக்கும் என் நண்பருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர். ஒருவர் சொன்னவர். இன்னொருவர் பரமசிவம், சுவரோரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றாவது ஆள் நான்.

"ஏமண்டுந்தி ஆவிட?" என்றார் ஜட்ஜ், பொதுவாக. அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று. எல்லோர் பார்வையும் என்மேல் வந்தது.

"ஏமி லேது சார்" என்றேன். "பாதபடுதுந்தி."

ஒன்றுமில்லை, வருத்தப்படுகிறார்.

ஜட்ஜ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சண்முகத்தாய்க்குக் கடையில் பேசுகிற தெலுங்கு தெரியும். நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அந்தப் பெரியவர் வராந்தாவில் நின்றிருந்தார். கோபம் எதுவும் இல்லை. "ஆப்கி தமிள் மேரேகூ நை ஆதி, வக்கீல் சாப்" என்றார். "உனோகூ ஆதி." உங்கள் தமிழ் எனக்கு வராது, அந்த அம்மாளுக்கு வரும். அதைச் சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

மனு தள்ளுபடியானது. எழுதப்பட்ட ராஜி மனு, படித்த வக்கீலின் சாட்சியம், இவற்றுக்கு எதிராக மனுதாரர் சொல்வது நம்பும்படி இல்லை என்று உத்தரவில் இருந்தது. ஜட்ஜைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்ததை வைத்து அவர் எழுதினார். என் நண்பர் காபி வாங்கிக் கொடுத்தார். கூண்டில் ஆடாமல் நின்றாய் என்று தட்டிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து, ஆபீஸ் படியில் ஸ்கூல் ஷூ சத்தம் கேட்டது. கோமதி. யூனிஃபார்மில், பையோடு, நேரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையைத் திறந்து உத்தரவின் நகலை எடுத்து, ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"அங்கிள், இங்க அம்மா சொன்னது நம்பற மாதிரி இல்லன்னு எழுதிருக்கு." தமிழில் ஆரம்பித்தவளுக்குத் தொடர முடியவில்லை. "அம்மா ஜூட் போலீ க்யா?"

அம்மா பொய் சொன்னாளா? வீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. மனையைப் பற்றிக் கேட்கவில்லை.

"கோர்ட் விஷயம்மா அது. பெரியவங்க பாத்துக்குவாங்க. நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

"ஹவ் யா நை, இத்னாச் போலோ அங்கிள்."

ஆமாமா இல்லையா, அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். கீழே டைப்ரைட்டர்கள் தட்டிக்கொண்டிருந்தன. நான் மேஜைமேல் இருந்த வேறொரு கட்டைப் பிரித்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றே மனம் திருந்தினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில மாதங்கள் ஓடின. மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, தினமும் அதன் எதிரில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். தமிழ்க் கட்சிக்காரர்கள் வந்து, "நீங்க சொன்னாச் சரி சார்" என்பார்கள். அந்த வார்த்தை வந்தாலே எனக்குக் கண்ணை நிமிர்த்த முடியாது. இருந்தும் எதுவும் செய்யவில்லை.

பிறகு பரமசிவம் வந்தார், ஸ்வீட் டப்பாவோடு. மல்காஜ்கிரி வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது, ஒரு ரிட்டயர்டு மாஸ்டர், விற்பனைப் பத்திரம் எழுத வேண்டும் என்றார்.

"மேல் கோர்ட்ல வழக்கு நிக்குதே. அவர்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்தது. அந்த ஏழாவது பத்தி இருக்கில்ல, அதையே இதுலயும் போட்டுடுங்க. இன்றைய தேதியில் என்ன உரிமை உண்டோன்னு. அருமையான வாசகம் சார் அது. நாளைக்கு எதாவது ஆனா மாஸ்டர் பாத்துக்கட்டும்."

அவர் என்னைப் பாராட்டினார். மனசாரத்தான் பாராட்டினார். ஒரு கொத்தனாரிடம் போன தடவை கட்டின மாதிரியே கட்டு என்று சொல்வது போல. அவருக்கு நான் என்னவாக இருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. யாரை ஏமாற்ற வேண்டுமானாலும் இந்த மாடிக்கு வரலாம்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"என்ன சார் திடீர்னு?"

"எழுத மாட்டேன். உங்க கட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

அவர் கத்தினார். பிறகு கெஞ்சினார். கடைசியில், "நீங்களும்தான சார் கூண்டுல நின்னு சொன்னீங்க? இப்ப மட்டும் என்ன வந்தது?" என்றார். கட்டோடு சங்கக் கடிதத்தையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். கட்சிக்காரர் நம்பிக் கொடுத்த காகிதத்தை நான் வெளியே காட்ட முடியாது. ஆனால் சண்முகத்தாயிடம் நான் என் வாயால் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது கட்சிக்காரருடைய ரகசியம் இல்லை. அது என்னுடையது. இந்த வித்தியாசம் எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாத மாதிரி இத்தனை மாதம் இருந்தேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறேன், ஏழாவது பத்தியை நான் அந்த அம்மாளுக்கு விளக்கவில்லை, கூண்டில் நான் சொன்னது பொய், அவர் எழுந்து சொன்னதை ஜட்ஜிடம் மறைத்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யே காகஸ் ஆப்கூ கா ஜாதா" என்றார். இந்தக் காகிதம் உங்களைத் தின்றுவிடும்.

"தெரியும்."

"அப்படியானால் இங்கிலீஷில் எழுதுங்கள். எளிமையாக எழுதுங்கள்" என்றார் அவர்.

எழுதினேன். முதலில் விற்பனைக்குத் தடை வந்தது. மாஸ்டர் தப்பித்தார். பிறகு கீழ்க்கோர்ட் உத்தரவும் போனது, ராஜியும் ரத்தானது. மேல் கோர்ட் என்னைப் பற்றி மூன்று வரி எழுதியது. அது எனக்கு மனப்பாடம். இங்கே சொல்லப் போவதில்லை. என் சன்னதை, வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, சில மாதங்கள் நிறுத்தி வைத்தார்கள். குறைவான தண்டனை என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. கொஞ்ச காலத்துக்கு ஆபீஸ் மாடிக்குத் தமிழ்க்காரர்கள் யாரும் ஏறவில்லை. என் மனைவியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு வந்து கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

நீங்கள் இதை, கடைசியில் நல்லபடியாக முடிந்த கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராஜி ரத்தானால் பழைய வழக்கு திரும்ப உயிர்பெறும், அவ்வளவுதான். பாகப்பிரிவினை முடிய நாலைந்து வருஷம் ஆனது. அதற்குள் மல்காஜ்கிரியில் சண்முகத்தாயிடம் தைத்தவர்கள் எல்லாம் வேறு தையல்காரர்களிடம் போய்விட்டார்கள். வீட்டை அளந்து பிரித்தபோது தெருப்பக்க அறை பரமசிவத்துக்குப் போனது. அவருக்குக் கிடைத்தது பின்பக்கம், சமையலறையும் கொல்லையும். வாசல் சந்துக்குள். மிஷினைச் சமையலறையில் போட்டார். அங்கே ஒரு தையல்காரி இருப்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. நான் வராந்தாவில் அரை நிமிஷம் பேசியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

உங்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான். எதிர்க்கட்சிக்காரர் உங்கள் மொழி பேசுகிறவராக இருந்து, அந்த மொழிக்காகவே உங்களை நம்பினால், எழுந்து போய்விடுங்கள். அவருக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கிச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன், சொன்னோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுதின வாசகம் ரொம்ப அழகாக வந்திருந்தால், அது யாருக்குப் புரியக் கூடாது என்று எழுதினோம் என்று பாருங்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லாமல் இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதனால் தெரிந்திருப்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இறுதித் தீர்ப்பு வந்த சில வாரங்களில் ஒரு மத்தியானம் சண்முகத்தாய் என் ஆபீஸுக்கு வந்தார். கூடவே கோமதி. காலேஜ் போகிற வயது, வளர்ந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சண்முகத்தாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுக்கு வரல. இந்தத் தீர்ப்பத் தமிழ்ல எழுதித் தாங்க. பூராவும்."

"நானா?"

"எங்க வக்கீலய்யாவுக்குத் தமிழ் தெரியாது. கோமதிக்கு எழுத வராது. தமிழ் எழுதத் தெரிஞ்ச வக்கீல் இந்தப் பக்கத்துல வேற யாரு இருக்கா?"

உட்கார்ந்து எழுதினேன். அவர்கள் இருவரும் எதிரில் பெஞ்சில் காத்திருந்தார்கள். டீ வரவழைத்தேன், தொடவில்லை. எழுதி முடித்ததும் காகிதங்களை வாங்கிக்கொண்டார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. மேஜையின் மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோமதி பையிலிருந்து இங்கிலீஷ் தீர்ப்பை எடுத்து என் மேஜைமேல் விரித்தாள்.

சண்முகத்தாய் நான் எழுதிய தமிழை எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார். கோமதி இங்கிலீஷ் வரிமேல் விரலை நகர்த்திக்கொண்டே கேட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, "ஹவ், இருக்கும்மா" என்றாள். அம்மா அடுத்த வாக்கியத்துக்குப் போவார். ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியாது, மற்றவளுக்குத் தமிழ் படிக்க வராது. இருவரும் சேர்ந்து என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என் ஆபீஸில், என் நாற்காலியில், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை அவர்கள் ஒருமுறையும் பார்க்கவில்லை.

நாலாவது பக்கத்தில் கோமதியின் விரல் நின்றது.

"ருக்கோ அம்மா. இங்க ஒரு லைன் ஜாஸ்தி இருக்கு. அங்கிள் எழுதல."

குனிந்து பார்த்தேன். கொல்லையின் நான்கு எல்லைகளில் கிழக்கு எல்லை. பக்கத்து வீட்டுச் சுவர். அவசரத்தில் விட்டுவிட்டேன். இந்த முறை வேண்டுமென்று விட்டதில்லை. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

சண்முகத்தாய் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் அந்த வரியை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அவர் மை காயும்வரை காத்திருந்தார். பிறகு எல்லாக் காகிதங்களையும் வரிசையாக அடுக்கி, முதல் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டார்.

"இப்ப ஆரம்பத்துலேருந்து வாசிக்கேன்" என்றார் மகளிடம்.